ஊரில் பூபதி இல்லை

முற்பார்வை நிறுவனத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் மைசூர்பாகு கொடுப்பார்கள். சேர்ந்ததற்காக அல்ல, ஊரிலிருந்து போனதற்காக. முதல் நாளே அந்த ஆள் எல்லோர் முன்னாலும் நின்று, தன் பெயரைத் தன் கையாலேயே ஊரிலிருந்து அழிக்க வேண்டும். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். "ஊர விட்டுத் தள்ளி வெச்சாச்சு!" என்று யாராவது ஒருவர் கத்துவார். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன நகைச்சுவைதான். ஆனால் வாயில் மைசூர்பாகு கரையும்போது அதற்கும் சிரிப்பு வந்துவிடும். பூபதியும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான்.

ஊர் என்றால் கோயம்புத்தூர் அல்ல. சரவணம்பட்டியில் நிறுவனத்தின் கட்டடத்துக்கு அடியில், பல் தந்தியடிக்கும் குளிரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கணினிக் கூட்டம். அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்றும் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. "ஊர் என்ன சொல்லுது?", "ஊரக் கேட்டாச்சா?" என்றுதான் அங்கே பேச்சு. அடுத்த ஆண்டு எந்த வீடியோ கேம் எல்லாவற்றையும்விட அதிகமாக விற்கும் என்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் பட்டியல் போட்டுச் சொல்லும். சொன்னது சொன்னபடி நடக்கும். அதனால் ஊர் வாய் திறக்கும் வரை, கேம் கம்பெனிகளுக்குப் பணம் போடுகிறவர்கள் பையைத் திறப்பதில்லை. பட்டியலின் தலையில் இருக்கிற சிலருக்குப் பணம் கொட்டும். மற்றவர்கள், கேம் வெளிவருவதற்கு முன்பே கடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஊர் சொன்னதற்குக் காரணம் எழுதுவது பூபதியின் வேலை. இது ஏன் விற்கும், யார் வாங்குவார்கள் என்று பணக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி நாலு பக்கம். சென்ற ஆண்டு ஒரு கார் பந்தயம் முதலில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு போர். இதற்கெல்லாம் காரணம் எழுத ஆளே தேவையில்லை என்று அவனுக்கே சில நேரம் தோன்றும். இந்த ஆண்டு ஊர் சொன்ன பெயரைப் பார்த்ததும் அவனுக்குக் கை ஓடவில்லை.

கேமின் பெயர் 'பக்கத்து அறை'. விளையாட அதில் ஒன்றுமே கிடையாது. ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு சன்னல். நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்து அறையில் யாரோ நடமாடுவார்கள். பாத்திரம் உருளும், குழாய் திறக்கும், மெல்ல ஒரு பாட்டு முணுமுணுக்கும். எப்போதாவது, "ஏதாச்சும் வேணுமா?" என்று ஒரு குரல் கேட்கும். நீங்கள் பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். எழுந்து போய் யாரென்று பார்க்க முடியாது. இதைத்தான் அடுத்த ஆண்டு நாடெல்லாம் அடித்துப் பிடித்து வாங்கப் போகிறதாம்.

அன்று பிற்பகல் தூத்துக்குடியிலிருந்து அல்போன்ஸ் போன் செய்தான். கல்லூரி விடுதியில் பூபதியோடு ஒரே அறையில் கிடந்தவன். இப்போது சொந்தமாகச் சின்னதாக ஒரு கேம் கம்பெனி வைத்திருந்தான்.

"எலேய் பூபதி, ஒங்க ஊருக்குக் கிறுக்கு பிடிச்சிட்டால?"

"அல்போன்சு, இதப்பத்தி நான் பேசக் கூடாதுடா."

"நீ பேசாண்டாம், கேளு. எங்க 'நாலு கை'ய நீ வெளாடிப் பாத்திருக்கல்லா? நாலு பேரு ஒரே வீட்டுல ஒக்காந்து ஒரே வலைய இழுக்கணும். ஒருத்தன் விட்டா மீனு போச்சு. வெளாடுன வீட்டுலெல்லாம் ஒரே கூச்சலு, சிரிப்பு. ஒங்க ஊரு அத எங்க தள்ளிருக்குன்னு பாத்தியா? அடிமட்டத்துல கெடக்கு. காலைல பட்டியலு வந்திச்சு, மத்தியானம் பணம் போடுதேன்னவன் கைய விரிச்சிட்டான். என்ன நம்பி வந்த பிள்ளைங்களுக்கு நான் என்னல சொல்ல?"

"ஊர் பொய் சொல்லாதுடா. கேம் வாங்கற வீடு எல்லாத்தையும் நகல் எடுத்து உள்ள வெச்சிருக்கறோம். யாரு வேலைக்குப் போறா, யாருக்கு எப்பப் பொழுது போகாது, யாரு யாரோட சண்ட, எல்லாம் இருக்குது. வரப்போற வருசத்த முழுசா அதுக்குள்ள வாழ விட்டுப் பாக்கறோம். அவங்களா எத வாங்கறாங்களோ அதத்தான் நாங்க சொல்றோம்."

"அப்பம் அந்த வீட்டுலல்லாம் நாலு பேரு சேந்து ஒக்காரவே மாட்டானுவளா?"

பூபதி பட்டியலைத் திரையில் திறந்துகொண்டான். "நான் பாக்கறேன்டா" என்றான்.

"பாருல மக்கா. ஒன்னயத்தான் நம்பியிருக்கேன்."

அல்போன்ஸ் நாலு வார்த்தை திட்டியிருந்தால் பூபதி நிம்மதியாக இருந்திருப்பான். அவன் கெஞ்சிப் பழக்கமில்லாதவன். அந்தக் குரல் பூபதியைக் குடைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் முதல் 'பக்கத்து அறை'யை வாங்கிய வீடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். ஊரில் இருக்கும் வீடுகளுக்குப் பெயரும் முகவரியும் காட்டமாட்டார்கள், உள்ளே நடப்பது மட்டும் தெரியும். ஒரு வீட்டில் ஒரு பெண் தினமும் இரண்டு பேருக்குக் காப்பி கலந்து, ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதைக் கொட்டினாள். இன்னொரு வீட்டில் இரட்டைக் கட்டிலில் ஒருவர் ஓரமாகவே படுத்தார். ஒரு பையன் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்து இடம் பிடித்தான். விழா முடிகிற வரை அங்கே பைதான் உட்கார்ந்திருந்தது. இந்த வீடுகளில் யாரும் செத்திருக்கவில்லை. யாரும் கோபித்துக்கொண்டு போகவும் இல்லை. அழுகையும் இல்லை, தேடலும் இல்லை. ஓர் ஆள் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இப்படி எத்தனை வீடுகளைத்தான் பார்ப்பது என்று அலுத்துப்போய்க் கண்ணைத் தேய்த்தபோது, அவனுக்குச் சட்டென்று மைசூர்பாகு நினைவுக்கு வந்தது. அடுத்த நிமிடம் யாஸ்மினின் அறைக்கு ஓடினான்.

யாஸ்மின் ஊருக்குப் பொறுப்பாளர். பூபதியைவிட வயதில் இளையவள், கோட்டைமேட்டுக்காரி. யார் என்ன அவசரமாக வந்தாலும் பிளாஸ்க்கிலிருந்து கொஞ்சம் சுலைமானித் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் காது கொடுப்பாள்.

"மேடம், ஊர் தப்பு" என்றான் பூபதி.

"முதல்ல உக்காருங்க."

"நம்ம ஆளுங்க யாரும் தங்களுக்குச் சாதகமா ஊர வளைச்சிரக் கூடாதுன்னு நம்மள ஊர்லருந்து எடுத்தோம். சரி. ஆனா நம்ம வீட்டுல இருக்கறவங்கள எடுக்கல. நாம இருந்த எடத்துல ஒரு ஓட்டை. கொஞ்சம் பேரா இருந்த வரைக்கும் அது ஒண்ணும் தெரியல. அப்பறம் கேம் கம்பெனிக்காரன், வெளம்பரக்காரன், கடைக்காரன், ஒப்பந்தத்துக்கு வர்றவன்னு ஒவ்வொருத்தரா எடுத்தோம். இப்ப ஊரெல்லாம் ஓட்டை. எந்த வீட்டத் தொறந்தாலும் ஒண்டிக்கட்டையா ஒரு ஆளு உக்காந்திருக்குது. ஒண்டிக்கட்டை 'பக்கத்து அறை'யத்தானுங்க வாங்கும்? நாலு பேரு வெளாடறத எப்படி வாங்கும்?"

யாஸ்மின் சுலைமானியை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்திருந்த பூபதிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கு" என்றாள் கடைசியில். "ஆனா யோசனைய வெச்சு ஊர நிறுத்த முடியாது. ஒரு வீட்டக் காட்டுங்க. போன வருஷம் அந்த வீடு எப்படி இருக்கும்னு ஊர் சொல்லுச்சு, நிஜத்துல எப்படி இருந்துச்சு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுங்க. பெரிய வித்தியாசம் இருந்தா நானே போய்ப் பட்டியல வாபஸ் வாங்கறேன். உங்க ஃபிரெண்டு கம்பெனியும் பொழச்சுக்கும்."

"யாரு வீட்டக் காட்டறது?"

"பேரோட திறக்கணும்னா அந்த வீட்டு ஆளோட சம்மதம் வேணும். வேற யாரு வீட்டுக் கதவத் தட்டுவீங்க? உங்க வீடுதான்."

பூபதிக்கு உற்சாகம் தாங்கவில்லை. சாம்பாரில் உப்பு குறைந்தால் சொல்கிறவன் அவன். செய்தி சேனலைச் சத்தமாக வைக்கிறவன் அவன். மோட்டார் ரிப்பேர் என்றால் ஆளைக் கூப்பிடுகிறவன் அவன். அவன் மட்டும் இல்லாவிட்டால் வடவள்ளி வீடு எப்படித் தத்தளித்திருக்கும் என்று நினைக்கையில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அல்போன்சைக் காப்பாற்றிவிடலாம் என்று வண்டி ஓட்டிக்கொண்டே விசிலடித்தான்.

அவன் மனைவி தேன்மொழி ஒரு பம்ப்செட் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்த்தாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை இருவருமே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பூபதி வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தேனு, இந்தப் போன்ல கட்டைவெரல வைக்கணும். நம்ம வீட்டோட போன வருசத்து விவரம் ஆபீசுக்கு வேணுமாம்."

"வெச்சாப் போவுது" என்று விரலை வைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

"எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டா, ஆபீஸ் விசயம் சொல்லக் கூடாதும்பீங்க. அதானுங்க கேக்கறதில்ல."

"இதச் சொல்லலாம். நான் இல்லாட்டி இந்த வீடு எப்படி இருக்கும்னு பாக்கப் போறோம்."

அவள் மடிப்பதை நிறுத்தி அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று பூபதி காத்திருந்தான். "மாவு தீந்துபோச்சுங்க, இன்னிக்கு உப்புமாதான்" என்று துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் வீட்டைத் திறந்தான். திரையின் இடது பக்கம் ஊரில் இருந்த தேன்மொழி, பூபதி இல்லாதவள். வலது பக்கம் நிஜத் தேன்மொழி, பூபதியோடு வாழ்ந்தவள். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒரே நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்தார்கள். மாலையில் திரும்பி வந்து, தங்கையோடு போனில் பேசிவிட்டு, ஒரே நேரத்தில் விளக்கை அணைத்தார்கள். தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும், போகப் போக விலகும் என்று பூபதி நினைத்தான். ஆண்டு ஓடிக்கொண்டே இருந்தது, இரண்டு பக்கமும் விலகவில்லை.

ஆடி மாதம் பொள்ளாச்சியில் தேன்மொழியின் அம்மா மயங்கி விழுந்தார். இடது பக்கத்துத் தேன்மொழி கம்பெனியில் கூட வேலை பார்ப்பவளின் காரில் போனாள். மருத்துவமனை வராந்தாவில் தனியாகப் படுத்தாள். வலது பக்கத்துத் தேன்மொழியும் அதே காரில் போய் அதே போலத் தனியாகப் படுத்தாள். அது பட்டியல் வெளியாகிற வாரம், பூபதிக்கு நினைவிருந்தது. 'பாத்துக்கோ, ஏதாச்சும்னா கூப்புடு' என்று செய்தி அனுப்பியிருந்தான். அனுப்பியபோது, செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தி இருந்தது. ஊரில் அந்தச் செய்தி இல்லை. இல்லாததால் அங்கே ஒன்றும் கெட்டுப்போகவும் இல்லை.

மோட்டார் ரிப்பேரானபோது இரண்டு தேன்மொழியும் தாங்களாகவே ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்தார்கள். பூபதி கூப்பிட்டதாக நினைத்திருந்தது அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்னால் போலிருக்கிறது.

பிறகு ஒன்று வந்தது. புரட்டாசியிலிருந்து ஞாயிறுதோறும் இரண்டு தேன்மொழியும் நீச்சல் குளத்துக்குப் போனார்கள். பெண்கள் வகுப்பு. முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு மிதவையைப் பிடித்துக்கொண்டு, மார்கழிக் குளிரில்கூட விடாமல் போய், தை பிறந்தபோது ஆழமான பக்கத்தில் நீந்தினார்கள். பூபதி அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். அவன் மனைவிக்கு நீந்தத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மருதமலைக் கோயிலுக்குப் போவதாக அல்லவா நினைத்திருந்தான்? அவள் அப்படிச் சொன்னாளா, இல்லை அவனாகவே நினைத்துக்கொண்டானா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

ஆண்டு முடிந்தது. இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசத்தைத் திரை தொகுத்துக் காட்டியது. நிஜ வீட்டில் அரிசி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகியிருந்தது. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்குது" என்ற பேச்சு கூடுதலாக இருந்தது. வேறெதுவும் இல்லை.

யாஸ்மின் எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று அவன் கவனிக்கவில்லை. அவள் திரையைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க முதல் ஆள் இல்ல பூபதி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கும் இதே சந்தேகம் வந்துச்சு. நான் எங்க வீட்டத் திறந்து பாத்தேன்."

"உங்க வீட்லயும்..."

"உங்க வீட்லயாச்சும் அரிசி கூடுச்சு. நான் கேன்டீன்ல சாப்பிடறவ." சிரிக்க முயன்றாள், வரவில்லை. "விழாவுல பைய வெச்சு எடம் புடிச்ச ஒரு பையனப் பாத்தீங்களா? யாரு வீடோ தெரியாது. ஆனா எங்க பையனும் அதத்தான் பண்ணான். ஊர்ல இல்ல, நிஜத்துல. நான் வர்றேன்னு சொல்லியிருந்தேன்."

பூபதி திரையை அணைத்தான். பிறகு, "அப்ப நம்மள எடுத்ததால ஊர் தப்பாப் போகல" என்றான்.

"தப்பாப் போயிருந்தா முதல்ல சந்தோஷப்பட்டிருக்கற ஆளு நான்தான். அது ஓட்டை இல்லைங்க. அந்த எடம் ஏற்கெனவே அப்படித்தான் இருந்துச்சு."

அல்போன்சுக்கு அவனே போன் செய்தான். சுற்றி வளைக்கத் தெம்பில்லை. "ஊர் சரிதான்டா. நல்லாப் பாத்துட்டேன்" என்றான்.

"நாலு பேரு இல்லையாக்கும்" என்றான் அல்போன்ஸ். "சரி மக்கா, விடு. நீ என்ன செய்வ? பிள்ளைங்கள வரச் சொல்லிச் சொல்லிருதேன். ஆமா, வீட்டுல எல்லாரும் சொகந்தான?"

பூபதி அதைக் காதில் வாங்காதவன்போல, சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டான்.

காரணம் எழுத வேண்டிய நாலு பக்கத்துக்குப் பதிலாக ஒரே வரி எழுதினான்: வாங்கப் போகிறவர்களின் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், இருந்தும் வாங்குவார்கள். மேலிடத்தில் அதைத் திருத்தி, 'அமைதியை விரும்பும் வாடிக்கையாளர்களுக்கான புதுமை' என்று போட்டுக்கொண்டார்கள். அவன் சண்டைக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தேன்மொழியின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் மறைந்த பிறகு பூபதியும் கிளம்பினான். நீச்சல் குளத்தின் வாசலில் காவலாளி மறித்தார்.

"லேடீஸ் பேட்ச் நடக்குதுங்க சார். ஆம்பளைங்க உள்ள போவக் கூடாது."

"வீட்டம்மா உள்ள இருக்கறாங்க."

"அப்படின்னா அந்த மரத்தடியில நில்லுங்க. முடிஞ்சதும் வருவாங்க."

மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்டது. பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கத்திச் சிரித்தார்கள். இதில் தேன்மொழியின் சிரிப்பு எது என்று பூபதி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். கண்டுபிடிக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அவள் வந்ததும் என்ன கேட்பது என்று யோசித்து வைத்துக்கொண்டான். எப்பக் கத்துக்கிட்டே, முதல் நாள் பயமா இருந்துச்சா, மூக்குல தண்ணி ஏறுச்சா. திரும்பும்போது எங்காவது உட்கார்ந்து இரண்டு பேரும் டிபன் சாப்பிடலாம். அவளைப் பேசவிட்டுக் கேட்கலாம்.

ஈரத் தலையும் தோளில் துண்டுமாகத் தேன்மொழி வெளியே வந்தாள். இரண்டு பெண்களோடு எதையோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மரத்தடியில் பூபதியைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. கூட வந்தவர்களை விட்டுவிட்டு ஓட்டமாக ஓடி வந்தாள்.

"ஏனுங்க, யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல தேனு. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?" அவள் அவன் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். "மறைக்காதீங்க. அம்மாவுக்கா?"

"நெசமா ஒண்ணுமில்ல. உன்னப் பாக்கலாம்னுதான் வந்தேன்."

அவள் நம்பவில்லை. பையைத் துழாவிப் போனை எடுத்துப் பொள்ளாச்சிக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கூட வந்த பெண்களில் ஒருத்தி, "இவங்க யாருங்கக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். தேன்மொழி போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டாள்.

அம்மா எடுத்தார். "அம்மா, நல்லா இருக்கறீங்களா? மயக்கம் கியக்கம் இல்லீங்களே? மாத்திர போட்டீங்களா?" என்று தேன்மொழி அடுக்கிக்கொண்டே போனாள். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அந்தப் பக்கம் சொல்வது பூபதிக்கே கேட்டது. அதற்குப் பிறகும் அவள் போனை வைக்கவில்லை. வேறெதையோ பேசிக்கொண்டே, இவர் எப்போது உண்மையைச் சொல்வார் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.